காங்கேசன்துறைக்கு ஏற்ற பிரெஞ்சுப் பலகாரம்

பாரிசிலுள்ள பிள்ளைகளிடம் போய்வரும் யாழ்ப்பாணத்தவர்கள் லா சப்பல் கடைத்தெருவையும் ஈபிள் கோபுரத்தையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தப் பயணத்தில் அரை நாளைப் பலகார வகுப்பொன்றுக்கும் ஒதுக்கலாம். 1895இல் தொடங்கிய லு கோர்டன் புளூ சமையற்பள்ளி முதல் சிறிய சமையற்கூடங்கள் வரை, பயணிகள் தாங்களே மா பிசைந்து பழகும் குறுகிய வகுப்புகள் அங்கே உண்டு. பலர் தேடிப் போவது குரோசான் வகுப்பை. காங்கேசன்துறைக்குத் திரும்பிவந்து வீட்டில் செய்ய நினைப்பவர் அதை விட்டுவிட்டு, உள்ளே கிறீம் நிரப்பும் எக்ளேருக்கான சூ மாவையே கற்க வேண்டும் என்பேன்.

காரணம் நம் வெயில். குரோசானுக்குப் பட்டரை மாவுக்குள் வைத்து மூன்று தடவை மும்மூன்றாக மடித்தால் 27 பட்டர் அடுக்குகள் கிடைக்கும். பட்டர் வளையவும் வேண்டும், உருகவும் கூடாது. அதற்கு ஏறத்தாழ 15 பாகை செல்சியஸ் குளிர்ச்சி தேவை. பகலில் 30 பாகையைத் தொடும் நம் குசினியில் பட்டர் மாவோடு கலந்து, அடுக்கு அழிந்து, பணிஸ் போன்ற ஒன்றுதான் மிஞ்சும். குளிரூட்டிய அறையில் செய்யலாமே என்றால், செய்யலாம். எத்தனை வீட்டுக் குசினியில் அந்த வசதி இருக்கிறது? சூ மாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. தண்ணீரும் பட்டரும் கொதித்ததும் கோதுமை மாவைக் கொட்டி, அடுப்பிலேயே கிளறி, சூடு தணிந்தபின் முட்டையைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார்கள். பட்டர் தொடக்கத்திலேயே உருகிவிடுவதால் அறைச் சூடு அதைக் கெடுக்காது. அவனில் மாவின் ஈரம் ஆவியாகி, உள்ளே வெற்றிடம் விட்டு உப்பவைக்கிறது. இடியப்பத்துக்குக் கொதிநீர் விட்டு மாக் குழைத்த கைக்கு இது அந்நியமான வேலையல்ல.

காணொளி பார்த்தே கற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முட்டை எவ்வளவு என்பதில்தான் அந்த யோசனை இடறுகிறது. அடுப்பில் மா எவ்வளவு உலர்ந்ததோ அதற்கேற்ப அளவு மாறும். கரண்டியை உயர்த்தினால் மா முக்கோணமாகத் தொங்கி மெல்ல விழவேண்டும். அந்தக் கனத்தைத் திரை காட்டாது, பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் உங்கள் கையிலேயே உணர்த்திவிடுவார். அரை நாளில் யாரும் வெதுப்பாளர் ஆவதில்லை என்பதும் உண்மைதான். இலங்கையிலிருந்து 2006இல் பிரான்சுக்குப் போன தர்ஷன் செல்வராஜா பாரிசின் சிறந்த பகெத் பாணுக்கான பரிசை வென்றது 2023இல். தொழிலுக்கு அத்தனை ஆண்டு உழைப்பு வேண்டும். வீட்டுக்குச் செய்ய, சரியான பதம் எதுவென்று ஒருமுறை கையால் அறிந்திருந்தால் மீதியைப் பழகிக்கொள்ளலாம்.

இங்கே வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் சுட்ட கூடு சீக்கிரம் நமத்துவிடும். சில நிமிடம் மீண்டும் அவனில் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். முட்டையும் பாலும் சேர்ந்த கிறீம் நம் வெப்பத்தில் வெளியே தாங்காது, குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே உண்ணவேண்டும். மீன் ரோல்ஸுக்குச் செய்யும் கறிக் கலவையைச் சுடச்சுட நிரப்பிப் பரிமாறினால் கிறீமே வேண்டாம். வகுப்புக்குப் பணம் கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள்: சூ மா உண்டா, ஒவ்வொருவர் கையிலும் மா தருவார்களா? செய்துகாட்டுவதோடு முடிக்கும் வகுப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.