மருமகள் சுமந்த பண்பாடு

சென்ற வாரம் ஜெர்மனியைப் பார்த்தோம். 1995-இல் அங்கே வந்த பராமரிப்புக் காப்பீட்டில், நடமாட முடியாத முதியவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டால் மாதாமாதம் ரொக்கம் உண்டு. அந்தத் திட்டத்தைக் கூர்ந்து கவனித்த ஜப்பான், 2000 ஏப்ரலில் தன் காப்பீட்டைத் தொடங்கியபோது ரொக்கத்தைச் சேர்க்கவில்லை. அது வேண்டவே வேண்டாம் என்று முன்னால் நின்றவை பெண்கள் அமைப்புகள்.

ஜப்பானில் பெற்றோரைக் கடைசிவரை பார்ப்பது மூத்த மகனின் கடமையாக இருந்தது. குளிப்பாட்டியதும் ஊட்டியதும் என்னவோ அவன் மனைவிதான். 1972-இல் சவாகோ அரியோஷி, நினைவு தப்பிய மாமனாரையும் தன் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் ஒரு மருமகளைப் பற்றி நாவல் எழுதினார். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வீட்டுக்கு வீடு அதுதானே கதை! மறு ஆண்டே 70 வயதைக் கடந்தவர்களுக்கு இலவச மருத்துவம் வந்தது. விளைவு வேடிக்கையானது. முதியோர் இல்லத்தில் விட்டால் ஊர் வாயில் விழ வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பெரிய நோய் இல்லாதவர்களும் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்கள். செலவு கட்டுக்கடங்காமல் போகவே, 1979-இல் அரசு ‘ஜப்பானிய பாணி நலச் சமூகம்’ என்று குடும்பத்தின் பெருமையைப் பாடத் தொடங்கியது. சிக்கனத்துக்குப் பண்பாடு நல்ல போர்வை.

1983-இல் கெய்கோ ஹிகுச்சி முதலானோர் தொடங்கிய பெண்கள் அமைப்பு இதை எதிர்த்தது. பராமரிப்புக் காப்பீடு பற்றிய பேச்சு வந்தபோது, ரொக்கம் கொடுத்தால், “காசு வருகிறதே, நீயே பார்” என்று மருமகளை வீட்டோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல்நேர மையம் என்று சேவையாகவே கேட்டார்கள். அப்படியே கிடைத்தது. 40 வயது நிரம்பியவர்கள் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும்; முதியவரின் உடல்நிலைதான் கணக்கு, வீட்டில் மருமகள் இருக்கிறாளா என்று பார்ப்பதில்லை. 1999-இல், திட்டம் தொடங்கும் தறுவாயில், ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷிசுகா கமெய், பெற்றோரைப் பிள்ளைகள் பார்க்கும் நல்ல வழக்கம் கெட்டுவிடும் என்று குறுக்கே நின்றார். முதியோரின் சந்தா வசூல் அரை ஆண்டு தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அதே ஜப்பானில் வறியோர் உதவித்தொகை வேறு கதை. உடன்பிறந்தவர்களும் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்கிறது சிவில் சட்டம். விண்ணப்பித்தால், “உங்களால் உதவ முடியுமா?” என்று அண்ணன் தம்பிக்குக் கடிதம் போகும். அந்த அவமானத்துக்கு அஞ்சியே பலர் அலுவலகப் படி ஏறுவதில்லை. உதவி பெறுவோர் மக்கள்தொகையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 2020 கொரோனா நெருக்கடியில், விண்ணப்பிப்பது குடிமக்களின் உரிமை என்று அமைச்சகமே அறிவிக்க வேண்டியிருந்தது. 2021-இல் உறவினரிடம் விசாரிக்கும் விதிகள் தளர்ந்தன, சட்டம் மாறவில்லை. மருமகள்களுக்கு ஓர் அமைப்பு இருந்தது. வறியவர்களுக்கு அந்த பலம் இல்லை. வித்தியாசம் அங்கேதான் என்பேன்.

பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் மீது வழக்குப் போட 1995-இல் சட்டம் இயற்றிய சிங்கப்பூருக்கு அடுத்த வாரம் போவோம்.