காரை வீடு

ஓர் ஊரின் வீடுகள் அமைந்திருக்கும் முறையைக் கொண்டே அவ்வூர் மக்களின் தொழிலையும் வாழ்க்கையையும் ஓரளவு உணர்ந்துகொள்ளலாம். விருதுநகர் வணிகத்தால் வளர்ந்த ஊர். முன்னாளில் விருதுபட்டி எனப் பெயர் பெற்றிருந்த இவ்வூர் 1923-ஆம் ஆண்டில் விருதுநகர் ஆயிற்று. பருத்தி, மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் முதலிய சரக்குகள் வந்து குவியும் சந்தையைச் சூழ்ந்து மக்கள் நெருங்கிக் குடியேறினர். ஆதலின், ஒரு வீட்டின் பக்கச்சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவராக, தெருவின் இருமருங்கும் வீடுகள் ஒட்டி எழுந்தன. பெருந்தலைவர் காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கிய காலத்திலும், அவருடைய அன்னையார் சிவகாமி அம்மையார் இவ்வூரின் குறுகிய தெரு ஒன்றிலுள்ள சிறு வீட்டிலேயே வாழ்ந்தார். அவ்வீடு இன்று அரசின் நினைவில்லமாகப் பேணப்படுகின்றது.

இத்தகைய பழைய வீடுகளைக் காரை வீடுகள் என்பர். சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தே காரையாகும். செங்கற்களைக் காரையால் பிணைத்துச் சுவர் எழுப்புவர். சுவர்களின்மேல் மரச்சட்டங்களை வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்குவர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் பல நாள் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். இம்முறையைக் கட்டடத் தொழிலாளர் 'மெட்ராஸ் டெரஸ்' என்று வழங்குவர். தடித்த இம்மேல்தளம் கோடை வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை.

விருதுநகரும் சிவகாசியும் மழை குறைந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவை. அவ்வறண்ட காற்றே தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்குத் துணையாயிற்று. ஆயினும், ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை சில நாட்களிலேயே மிகுதியாகப் பெய்துவிடுவதும் உண்டு. பழைய வீட்டின் குறைகள் அப்போதுதான் வெளிப்படும். சுவர் ஓதம் காக்கும், பூச்சு உதிரும்.

அந்நிலையில் பலரும் உதிர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசுகின்றனர். அது நன்மை பயக்கும் என்று எண்ணுவது தவறு. சுண்ணாம்பின் இயல்பை அறிந்தால் இது விளங்கும். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுடும்போது அதனுள் உள்ள கரியமிலவாயு வெளியேறுகின்றது. அவ்வாறு சுட்ட கல்லை நீரில் நீற்றிச் சாந்தாக்கிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகின்றது. இறுகிய பின்னும் நுண்துளைகள் இருத்தலால், சுவரினுள் ஏறிய ஈரம் அவற்றின் வழியே வெளியேறிவிடும்.

1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பார் உரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே பிறப்பது. விருதுநகரை அடுத்த துலுக்கப்பட்டியில் 1960-களின் தொடக்கத்தில் சிமெண்டு ஆலை ஒன்றும் எழுந்தது. புதிய கட்டடங்களுக்குச் சிமெண்டு சிறந்த பொருளே. ஆனால், அதன் பூச்சு காரையினும் இறுக்கமானது. காரைச் சுவரின்மீது அதனைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலும் மேலும் ஏறும். ஈரத்தோடு வரும் உப்பு, செங்கல்லின் உள்ளேயே உறைந்து அதனைப் பொடியாக்கும். வெளித்தோற்றம் புதிதாக இருக்க, உள்ளே சுவர் நலிந்துகொண்டே வரும். எனவே, காரைக்குக் காரையே ஏற்ற மருந்து.

பழுது பார்ப்போர் முதலில் நீர் புகும் வழியைக் காணுதல் வேண்டும். மேல்தளத்தின் வெடிப்பு, அடைபட்ட நீர்த்தாரை, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று ஆகியவற்றைச் சீர்செய்யாமல் பூசும் பூச்சு நிலைக்காது. பின்னர், மரச்சட்டங்களின் முனைகளைச் சோதித்தல் வேண்டும். சுவரினுள் புதைந்த அம்முனைகளையே கறையான் முதலில் அரிக்கும். பழுதுற்ற சட்டத்தை மாற்றுமுன் தளத்திற்கு முட்டுக்கொடுத்து, ஒவ்வொன்றாகவே மாற்றுதல் முறை.

இவை அனைத்தினும் மிகுந்த கவனத்திற்குரியது பொதுச்சுவர். இரு வீடுகளின் சட்டங்களும் அதன்மேல் தங்கியிருக்கும். ஒருவர் தம் வீட்டை இடிக்கும்போது அச்சுவரை அசைத்தால், அடுத்த வீட்டில் உறங்குவோரின் உயிருக்கே கேடு விளையக்கூடும். பொதுச்சுவரை இடிக்காது விட்டாலும், ஒருபுறத்துத் தாங்கல் நீங்கியதால் அது சாய்வதுண்டு. ஒரு வீடு உடன்பிறந்தாரிடையே பாகம் பிரிக்கப்பட்ட இடங்களில் சுவர் எவருடையது என்னும் ஐயமும் எழும். ஆதலால், பத்திரத்தைப் படித்து உரிமையைத் தெளிதலும், பொறியாளரைக் கொண்டு சுவரின் வலிமையை ஆராய்தலும், அண்டை வீட்டாரின் இசைவைப் பெறுதலும் கடப்பாரையைக் கையில் எடுக்குமுன் செய்யவேண்டிய கடமைகளாகும்.

தனி வீட்டை உடையவர் தம் வீட்டை மட்டும் காத்தால் போதும். தெருவோடு ஒட்டிய வீட்டை உடையவரோ அடுத்த வீட்டின் பாதிச் சுமையையும் தாங்கி நிற்கின்றார். அவருடைய சுமையையும் அடுத்த வீட்டார் தாங்குகின்றனர். இதனை மறவாது பழுது பார்ப்பவரே அவ்வீட்டை முறையாகக் காப்பவராவார்.