கஞ்சி என்பது வடித்த நீர்

கஞ்சி என்றதும் குழைந்த சோறுதான் இன்று பலருக்கும் நினைவில் வருகிறது. அந்தச் சொல்லின் முதற்பொருள் அதுவல்ல. வெந்த சோற்றிலிருந்து வடித்தெடுக்கும் நீர்தான் கஞ்சி. அது குடிக்கிற பொருள். இதற்குப் பழைய சான்று காவிரி மண்ணிலேயே இருக்கிறது. கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், அட்டில் சாலைகளில் சோறு வடித்த கஞ்சி ஆறுபோலப் பரந்தோடியதாகவும், காளைகள் முட்டி மோதி அந்த இடத்தைச் சேறாக்கியதாகவும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். குழைந்த சோறு ஆறாக ஓடாது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சும் இதையே காட்டுகிறது. "சோறு வடிச்சாச்சா?" என்றால் சமைத்தாயிற்றா என்று பொருள். வேட்டிக்குப் போடும் கஞ்சிக்கும், தறியில் பாவுக்குப் போடும் கஞ்சிக்கும் பெயர் தந்தது இந்த வடிநீர்தான்.

வடமொழியின் 'காஞ்சிகம்' தமிழில் கஞ்சியானது என்பார் உண்டு. ஆனால் காஞ்சிகம் புளிக்கவைத்த கஞ்சியைக் குறிப்பது. ஒரு வகையின் பெயரிலிருந்து பொதுப்பெயர் பிறந்தது என்பதைவிட, பொதுப்பெயரிலிருந்து வகைப்பெயர் பிறந்தது என்பதே பொருத்தம். மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இதன் உறவுச்சொற்கள் வழங்குகின்றன. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி அவற்றை ஒரே குடும்பமாக வைக்கிறது. நாகூர் நோன்புக் கஞ்சியிலும் உளுந்தங்கஞ்சியிலும் அரிசி கலந்தே இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், காலப்போக்கில் பொருள் விரிந்திருக்கிறது. ஆனாலும் கஞ்சி குடித்தான் என்கிறோமே, சோறு குடித்தான் என்று யாரும் சொல்வதில்லை. வினைச்சொல் பழைய பொருளை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது.

வெளியூர்க்காரர் காதிலும் சொல் அப்படித்தான் விழுந்தது. 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, மிளகும் சீரகமும் சேர்த்து நோயாளிக்குக் குடிக்கத் தரும் அரிசி நீரை 'கஞ்செ' என்று குறிக்கிறார். பிறகுதான் போர்ச்சுகீசியத்தில் 'கஞ்சா' கோழி சூப்பாகவும், ஆங்கிலத்தில் 'காஞ்சி' கெட்டியான அரிசிக் கூழாகவும் மாறின. நம் வீடுகளில் பொருளை மாற்றும் அந்த வேலையைச் செய்தது பிரஷர் குக்கர். அதில் வடிப்பதற்கே ஒன்றுமில்லை. பொருள் அடுப்படியை விட்டுப் போனால் சொல்லின் உயிரும் கூடவே போகும். இந்த வாரம் ஒரு நாளாவது பானையில் உலை வையுங்கள். வடித்ததைக் கொட்டிவிடாமல், ஒரு கல் உப்புப் போட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டம்ளர் கொடுங்கள். இதுதான் கஞ்சி என்று பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.