எதை எதனால் வகுக்கிறோம்? ஆய்வு முறையியல் வகுப்பும் சாதியின் எண்களும்

2018 பிப்ரவரியில் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட உலக அறிக்கையில் இந்தியாவைப் பற்றிய ஓர் எண் இடம்பெற்றிருந்தது. முற்பட்ட சாதிப் பெண்களைவிடத் தலித் பெண்கள் சராசரியாக 14.6 ஆண்டுகள் இளைய வயதில் இறக்கிறார்கள் என்பதே அது. தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது 39.5, முற்பட்ட சாதிப் பெண்களுடையது 54.1. அந்த எண் ஏடுகளிலும் கருத்தரங்குகளிலும் உடனே பரவியது. பரவப் பரவ அதன் சொற்கள் மாறின. ‘சராசரி இறப்பு வயது’ என்பது ‘ஆயுட்காலம்’ ஆயிற்று. தலித் பெண்ணின் ஆயுள் பதினான்கரை ஆண்டுகள் குறைவு என்று நம்மில் பலரும் எழுதினோம், பேசினோம்.

இரண்டும் ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்பதைக் கல்லூரியின் ஆய்வு முறையியல் பாடத்தில் ஒரே வகுப்பில் விளக்கிவிடலாம். கற்பனையாக இரண்டு தெருக்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் தலா 2,000 பேர். இரண்டிலும் இளையோரில் ஆயிரத்துக்கு 5 பேரும், முதியோரில் ஆயிரத்துக்கு 20 பேரும் ஓராண்டில் இறக்கிறார்கள். இறக்கும் இளையோரின் சராசரி வயது 20, முதியோரின் சராசரி வயது 70. முதல் தெருவில் இளையோர் 1,000, முதியோர் 1,000. அங்கே 5 இளையோரும் 20 முதியோரும் இறப்பர். சராசரி இறப்பு வயது 60. இரண்டாம் தெருவில் இளையோர் 1,600, முதியோர் 400. அங்கே இளையோர் 8, முதியோர் 8, சராசரி 45. எந்த வயதிலும் எந்தத் தெருவிலும் சாவின் வேகம் வேறுபடவில்லை. ஆயினும் சராசரிகளுக்கிடையே 15 ஆண்டுகள்.

குழந்தைகளும் இளைஞர்களும் மிகுந்த மக்கள்தொகையில் நிகழும் சாவுகளிலும் இளையோரின் பங்கு மிகுந்தே இருக்கும். தலித் மக்கள்தொகை அத்தகையது. எனவே 14.6 என்ற இடைவெளியில் எவ்வளவு சாதியின் கொடுமை, எவ்வளவு வயதுக் கட்டமைப்பு என்பதை அந்த எண்ணே சொல்லாது. எண் பொய்யன்று, அதிலிருந்து நாம் செய்த முடிவுதான் பிழை. நமக்குச் சாதகமான எண் என்பதாலேயே அதை நாம் சோதிக்கவில்லை.

சரியான எண் எது? ஒவ்வொரு வயதிலும் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று தனித்தனியே கணக்கிட்டு, அந்த விகிதங்களே நீடித்தால் இன்று பிறக்கும் குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்று காண்பதே ஆயுட்கால மதிப்பீடு. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகிய மூவரும் ஒன்பது மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2 கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு இதைச் செய்து 2022இல் வெளியிட்டனர். சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் ஆயுட்காலம் 4 ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் ஆயுட்காலம் 3 ஆண்டுகளுக்கு மேலும், முஸ்லிம்களின் ஆயுட்காலம் ஏறத்தாழ ஓராண்டும் குறைவு என்பது அவர்கள் கண்ட முடிவு.

14.6 எங்கே, 3 எங்கே என்று சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அதே ஆய்வின் அடுத்த முடிவைப் பாருங்கள்: இந்த இடைவெளிகளில் பாதிக்கும் குறைவானதையே பொருளாதார நிலை விளக்குகிறது. அதாவது, ஒரே அளவு வசதியுள்ள தலித் குடும்பத்தையும் சாதி இந்துக் குடும்பத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாலும் தலித் முன்னதாகவே சாகிறார். ‘இங்கே சாதி இல்லை, வறுமைதான் இருக்கிறது’ என்று சொல்வோருக்கு 14.6ஐக் காட்டினால், அதன் ஓட்டையை அவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவர். 3 என்ற எண்ணையும், அதில் பாதிக்கு மேல் வறுமையால் விளக்கப்படாமல் நிற்கிறது என்ற முடிவையும் அவ்வாறு தட்டிக்கழிக்க இயலாது.

முதுகலைச் சமூகவியல், சமூகப்பணி, பொருளியல் மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் பெரும்பாலும் கட்டாயத் தாள். நான் படித்தபோது சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம் ஆகியவற்றைச் சூத்திரங்களாக மனப்பாடம் செய்தோம். எடுத்துக்காட்டுகளாக வந்தவை சோப்பு வாங்குவோரின் மனநிறைவும் கைப்பேசி நிறுவனங்களின் மீது இளைஞர்களின் விருப்பமும். ஆய்வேட்டு மாதத்தில் நிரப்பிய வினாத்தாள் கட்டைக் கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் கொடுப்போம். தட்டச்சு, பைண்டிங், டேட்டா அனாலிசிஸ் மூன்றுக்கும் ஒரே கட்டணம். மூன்றாம் நாள் எஸ்.பி.எஸ்.எஸ். அட்டவணைகள் அச்சாகி வந்துவிடும். அவற்றுக்கு என்ன பொருள் என்று வாய்மொழித் தேர்விலும் எவரும் கேட்கவில்லை. தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த எங்களுக்குக் கேள்வி வராததே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எங்களிடமிருந்து எதைப் பறித்தது என்பது பின்னரே விளங்கியது.

கணினியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது இப்பாடத்தின் மிகச் சிறிய பகுதி. எதை எதனால் வகுக்கிறோம், யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பனவே அதன் சாரம். 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி எழுதியபோது அம்பேத்கர் செய்ததும் இதைத்தான். நிலத்துண்டு சிறியதா பெரியதா என்பதை அதன் பரப்பை மட்டும் கொண்டு சொல்ல இயலாது, அதில் ஈடுபடும் உழைப்புக்கும் மூலதனத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே சொல்ல இயலும் என்று அவர் வாதிட்டார்.

‘சமப்படுத்திப் பார்த்தல்’ என்ற உத்தியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சாதியைப் பற்றிய விவாதங்களில் மிகுதியாகப் பயன்படுவதும் மிகுதியாகத் தவறாகப் பயன்படுவதும் இதுவே. தலித் ஊழியரின் ஊதியம் குறைவு என்று ஒருவர் சொல்கிறார். மற்றொருவர் தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு செய்து, கல்வி, தொழில், வாழிடம் மூன்றையும் சமப்படுத்தியபின் சாதியால் வரும் வேறுபாடு மிகச் சிறிதே என்கிறார். கணக்கு சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் கல்வியில் பின்தங்கியதற்கும், சேரியில் குடியிருப்பதற்கும், துப்புரவுப் பணியில் தள்ளப்பட்டதற்கும் காரணம் எது? சாதி செயல்படும் வழிகள் ஒவ்வொன்றையும் சமப்படுத்தி நீக்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் சாதி என்று அழைப்பது, கை கால்களைக் கட்டிப்போட்டுவிட்டு இவனால் அடிக்க முடியாது என்று சான்றிதழ் தருவதைப் போன்றது. எதைச் சமப்படுத்துவது என்பதை மென்பொருள் முடிவு செய்வதில்லை. சமூகம் எவ்வாறு இயங்குகிறது என்று ஆய்வாளர் கொண்டிருக்கும் கருத்தே அதை முடிவு செய்கிறது. அந்தக் கருத்தைத்தான் வகுப்பில் விவாதிக்க வேண்டும்.

மறுபுறம், சமப்படுத்தியபின் எஞ்சுவதெல்லாம் பாகுபாடு என்று நாமும் அவசரப்படக் கூடாது. அளக்கப்படாத வேறொன்று அங்கே ஒளிந்திருக்கலாம். இச்சிக்கலுக்குச் சோதனை முறை ஒரு தீர்வு. சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல பாடம். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஒத்த தகுதியுள்ள விண்ணப்பதாரர்களிடையே முதன்மையான வேறுபாடு பெயர்: சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். இங்கே கல்வியைக் கணக்கில் சமப்படுத்தவில்லை. விண்ணப்பத்திலேயே சமமாக வைத்துவிட்டார்கள். அழைப்பு வந்ததற்கும் வராததற்குமான விகிதத்தைச் சாதி இந்துப் பெயருக்கு 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ‘தகுதி’ என்ற விளக்கத்துக்கு இங்கே இடமேயில்லை.

சிறிய மாதிரிகளால் விளையும் பிழை வேறு வகை. இரட்டைக் குவளை முறையைப் பற்றி இரண்டு ஊர்களில் அறுபது பேரிடம் கேட்டு, கை-வர்க்கச் சோதனை செய்து, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று முடிவு வந்தால், ‘வேறுபாடு இல்லை’ என்றே ஆய்வேட்டில் எழுதிவிடுகிறோம். அறுபது பேரைக் கொண்டு அந்த வேறுபாட்டைக் கண்டறிய முடியவில்லை என்பதே அதன் பொருள். கேட்கும் விதமும் முக்கியம். 2011-12இல் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நடத்தப்பட்ட இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், வீட்டில் யாரேனும் தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று முதலில் கேட்டனர். இல்லை என்றவர்களிடம், தாழ்த்தப்பட்டவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ சம்மதமா என்று கேட்டனர். இரண்டையும் சேர்த்தே 27 விழுக்காடு என்ற எண் கிடைத்தது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் நாட்டில் தீண்டாமை அந்த அளவுக்குக் ‘குறைந்திருக்கும்’.

இனி நாம் அன்றாடம் மேற்கோள் காட்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களுக்கு வருவோம். 2022இல் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 57,582. உத்தரப் பிரதேசம் 15,368 வழக்குகளோடு முதலிடம், ராஜஸ்தான் 8,752. ஆனால் ஒரு லட்சம் பட்டியல் சாதி மக்களுக்கு என்று வகுத்தால், உத்தரப் பிரதேசம் 37.2, ராஜஸ்தான் 71.6. வரிசை தலைகீழாகிறது. தமிழ்நாட்டில் 1,761 வழக்குகள், விகிதம் 12.2. இதைக் காட்டி இங்கே வன்கொடுமை குறைவு என்று சொல்வோர் உண்டு. இந்த அட்டவணை எண்ணுவது வன்கொடுமைகளை அன்று, முதல் தகவல் அறிக்கைகளை. புகாரை வாங்க மறுக்கும் காவல் நிலையம் தன் மாவட்டத்தின் விகிதத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆகவே குறைந்த விகிதத்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இந்த அட்டவணையைக் கொண்டு மட்டும் அவற்றைப் பிரித்தறிய முடியாது.

வகுக்கும் எண்ணும் பழையது. 2022ஆம் ஆண்டின் குற்றங்களை 2011 கணக்கெடுப்பின் 20.14 கோடி மக்களால் வகுத்தே 28.6 என்ற தேசிய விகிதம் பெறப்பட்டது. அந்த 20.14 கோடியில் தலித் கிறித்தவர் ஒருவரும் இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே அதே தெருவில் அதே கும்பலால் தாக்கப்பட்டாலும் அவர்கள் இந்த அட்டவணைக்குள் வருவதில்லை.

எல்லாவற்றிலும் அதிகம் குழப்புவது தண்டனை விகிதம். நூறு வழக்குகளில் முப்பதில் தண்டனை என்று கேட்டதும், பதிவான நூறில் முப்பது என்று நினைக்கிறோம். அவ்வாண்டு விசாரணை முடிந்த வழக்குகள் மட்டுமே அங்கே வகுக்கும் எண். ஒரு நீதிமன்றத்தில் 1,000 வழக்குகள் இருந்து 50 மட்டும் முடிந்து, 15இல் தண்டனை கிடைத்தாலும் விகிதம் 30 விழுக்காடே. தேங்கிக் கிடக்கும் 950 வழக்குகளின் வாதிகளும் சாட்சிகளும் அந்த எண்ணில் இல்லை.

இதற்கு மாற்றான கணக்கை ஒரு முதுகலை மாணவர் தன் ஆய்வேட்டிலேயே செய்யலாம். ஏதேனும் ஒரு மாவட்டத்தில் 2016ஆம் ஆண்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகள் முழுவதையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் இன்றுவரை எங்கே நிற்கிறது என்று பின்தொடர்வதுதான் அது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நீதிமன்ற இணையதளத்தின் வழக்கு நிலையும் அதற்குப் போதும். சட்ட விதிகளின்படி புலனாய்வை 60 நாட்களுக்குள் முடித்துக் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அதன்பின் இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். ஒவ்வொரு வழக்கும் எடுத்துக்கொண்ட நாட்களை எழுதி வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள். சராசரியைப் போடாதீர்கள்: ஐந்தாறு வழக்குகள் விரைவாக முடிந்திருந்தாலே அது கீழே இறங்கிவிடும், முடியாத வழக்குகளுக்கோ நாட்கணக்கே இன்னும் முடியவில்லை. முடியாதவற்றை நீக்கிவிடாமல் வரிசையின் கடைசியில் ‘இன்னும் நிலுவை’ என்றே வையுங்கள். பாதிக்கு மேல் அங்கே நின்றால், நடுவில் நிற்பதும் ஒரு நிலுவை வழக்காகவே இருக்கும். அப்போது அம்மாவட்டத்தின் இடைநிலைக் காலம் இத்தனை நாட்கள் என்று எழுத எண்ணே இராது. அட்டவணையில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, காரணத்தைக் கீழே எழுதுங்கள்.