இளையோரும் நாரி நோவும்

நாரிப்பிடிப்பும் கழுத்துளைவும் முதுமைக்குரியன என்றே நம் முன்னோர் எண்ணினர். இன்றோ பதினாறு வயது மாணவனும் கழுத்தைத் தடவிக்கொண்டு வகுப்பிற்கு வருகின்றான். வளர்பருவத்து நோவென்று பெற்றோர் அமைதி கொள்கின்றனர். அவ்வாறு அமைதல் தகுமோ என்பதைச் சிறிது ஆராய்வோம்.

எலும்புகள் கூடுமிடத்துக் குருத்தெலும்பிற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டில் ஊறும் வழுவழுப்பான நீரே அதற்கு உணவு. மூட்டு மடங்கி நிமிருங்கால், பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல அந்நீர் உட்சென்று வெளிவரும். அசைவின்றேல் ஊட்டம் குன்றும். தசையின் நிலையும் இதனோடொத்ததே. நெடுநேரம் கதிரையில் இருப்பவனுக்கு இடுப்பின் முன்பக்கத் தசைகள் குறுகி இறுகும். முதுகைத் தாங்குந் தசைகள் தளரும். தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். கைத்தொலைபேசியை நோக்கி 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழுஞ்சுமை 27 கிலோகிராம் வரை உயருமென நியூயோர்க் மருத்துவர் ஒருவர் 2014இல் கணித்தார். அது கணக்கேயன்றி உடலில் அளந்தறிந்ததன்று. எனினும் குனிந்த கழுத்து சுமை தாங்குகின்றது என்பதில் ஐயமில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமே கைத்தொலைபேசி வழி வந்தது. பாடசாலை திறந்தும் பழக்கம் அகன்றிலது. அதன்மேல் மாலையில் தனியார் வகுப்பு. அங்கும் வாங்கில் இருக்கையே. எரிபொருள் தட்டுப்பட்ட 2022இல் துவிச்சக்கரவண்டி மீண்டும் வீதிக்கு வந்தது. தட்டுப்பாடு நீங்கியதும் பலர் வண்டி சுவரோரஞ் சாய்ந்தமை நமக்கு வருத்தமே.

5 முதல் 17 வயதினர் நாடோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் வருந்த இயங்கவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த விதி. ஆனால் பரீட்சை நெருங்கினால் முதலிற் பறிபோவது உடற்பயிற்சிப் பாடவேளையே. அதனைத் தமிழுக்கென்று தந்தாலும் நாம் ஏற்கோம். அரைமணிக்கொருமுறை எழுந்து தோளைச் சுழற்றி நாலடி நடத்தலால் எப்பாடமும் கெட்டுவிடாது.

நம் கப்பல்துறையில் ஆயுர்வேத வைத்தியசாலை உண்டு. எண்ணெயும் ஒற்றடமும் நோவைத் தணிக்கும். எழுந்து நடக்கும் வேலையை அவை நமக்காகச் செய்யா. நோவென்றதும் பாயிற் கிடத்தலும் நன்றன்று; இயன்றவரை இயங்குமாறே இக்கால மருத்துவர் பணிக்கின்றனர்.

நிற்க. காலையில் அரைமணிக்கு மேல் மூட்டு விறைத்திருப்பினும், வீங்கினும், நோவு உறக்கத்தை எழுப்பினும், கைகால் மரப்பினும் அதனை இருக்கையின் குற்றமென்று கொள்ளற்க. மூட்டழற்சி சிறுவர்க்கும் வரும். தாமதியாது மருத்துவரிடங் காட்டுக.