இடிபடும் சுவரும் எழும் பாலமும்

பழைய வீடு இடிபடும்போது அதன் தேக்குத் தூணும் நிலையும் கதவும் விலைபோய், மற்றொரு வீட்டில் வாழ்வு பெறுதல் நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். கான்கிரீட்டுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. சம்மட்டியால் உடைத்துக் கம்பியை எடைக்குப் போடுவர். கட்டிகள் பள்ளம் தூர்க்கப் போகும்.

கான்கிரீட்டைக் கற்காரை என்று தமிழாக்கினர் நம்மவர். காரை சுண்ணாம்புச் சாந்தைக் குறிக்கும் சொல்லாதலின் பெயர் பொருத்தமானதே; சிமெண்டின் மூலப்பொருளும் சுண்ணாம்புக்கல்லே. அதனைக் களிமண்ணோடு சேர்த்து ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகையில், எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிப்படுகிறது. மாந்தர் செயலால் உலகில் வெளியாகும் அவ்வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டினால் விளைவதாகும். பழைய கான்கிரீட்டை நொறுக்கினால் புதுச் சல்லி மிச்சமாகுமேயன்றிச் சிமெண்டு மிச்சமாகாது. ஆகவேதான், நொறுக்காமல் அறுத்தெடுத்து அவ்வாறே பயன்கொள்ளும் முறையை அறிஞர் நாடுகின்றனர்.

சுவிட்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் கோரன்டன் ஃபிவே தலைமையிலான ஆய்வகத்தார் 2021-இல் அமைத்த நடைபாலம் தக்க சான்று. புதுப்பிக்கப்பட்டு வந்த கட்டடமொன்றின் சுவர்களிலிருந்து 25 பாளங்களை அறுத்தெடுத்து, 10 மீட்டர் நீள வளைவாகக் கோத்தனர். வளைவு ஏன்? கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அக்குறையை நிரப்பவே கம்பி. பாளத்தை அறுக்கையில் கம்பியும் அறுபடுவதால், இழுவிசை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழியில்லை. வளைவிலோ பாளங்கள் ஒன்றையொன்று அழுத்தியே நிற்கும். ஓரிடத்தில் பளு மிகுந்தாலும் இணைப்புகள் வாய் திறவாதிருக்க எஃகு வடங்களால் இறுக்கினர்.

ஜெர்மனியிலும் இம்முயற்சி உண்டு. கிழக்குப் பெர்லினின் அடுக்ககங்களைக் கழற்றி எடுத்த சுவர்ப் பலகைகளைக்கொண்டு, அருகிலுள்ள மேரோவில் 2005-இல் ஒரு வீடு கட்டினர். அவை ஆலையில் வார்த்து வந்து பொருத்தப்பட்டவை, கழற்றுதல் எளிது. நம் ஊர்க் கட்டடங்களோ பெரும்பாலும் நின்ற இடத்திலேயே வார்க்கப்பட்டவை. எனவே நமக்குப் பாடமாவது அவ்வீட்டைவிட இப்பாலமே என்பது என் கருத்து.

பழைய பாளத்தை நம்புவது எங்ஙனம்? காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கும். காரம் குன்றினால் கம்பிக்குத் துருவினின்று காப்பில்லை. புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலின் கரைசலைத் தெளித்தால் காரமுள்ள பகுதி சிவக்கும். குன்றிய பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியை எட்டிவிட்டதெனின், மழை நனைக்கும் இடத்திற்கு அப்பாளம் ஆகாது. ஈரம் படாத உட்சுவருக்கு ஆகலாம்.