நாக்கு நடுவில் நிற்கும் மொழி

'குடம்', 'காது' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குடத்தின் உகரத்துக்கு உதடு குவிகிறது. காதின் கடைசி உகரத்துக்குக் குவிவதில்லை. அதுதான் பள்ளியில் படித்த குற்றியலுகரம். தமிழில் அது பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் வரும். அதையொத்த ஒலிகள் சொல்லின் முதல் அசையிலேயே வந்து, பொருளையும் மாற்றுகிற மொழி ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை காந்திபுரத்தில் ஆனைகட்டி பஸ் ஏறினால் அதைக் கேட்கலாம். இருளர் பழங்குடியினர் பேசும் இருள மொழி.

இது எப்படி வந்தது? கொங்கில் நாமே வீட்டை 'ஊடு' என்கிறோம், பெண்ணைப் 'பொண்ணு' என்கிறோம். ட, ண சொல்ல நாக்கின் நுனி பின்னால் மடியும்போது, முந்திய இகரத்தையும் எகரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. முன்னே நிற்கும் உதட்டெழுத்தும் துணைபோக, நம் பேச்சில் அவை உகர ஒகரங்களாகின்றன. இருளத்தில் இப்படி இழுபட்ட உயிர்கள் வாயின் நடுவிலேயே நின்று, தனி உயிர்களாகிவிட்டன. குடகு மொழியிலும் இதே போக்கு உண்டு. இந்த உயிர்களை எழுத நம் பன்னிரண்டு உயிரெழுத்துகள் போதா.

நியூகினித் தீவில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பேச்சு மாறும் என்று வியக்கிறோம். நம் மலையடிவாரமும் அப்படித்தான். நீலகிரிச் சரிவில் மேலநாட்டு இருளம், வேட்டைக்காட்டு இருளம். வடக்கே மாயாற்றுப் பக்கம் கசபர் பேச்சு. சத்தியமங்கலம் மலையில் கன்னடம் கலந்த ஊராளி. செங்கல்பட்டில் பாம்பு பிடிக்கும் இருளர் பேசுவதோ தமிழ். பெயர் ஒன்று, மொழி வேறு.

இருள மொழியைக் கொச்சைத் தமிழ் என்று ஒதுக்குவது தவறு. 1968-லேயே மொழியியலாளர் ஜெரார் டிஃப்லோத் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இதைத் தமிழின் நெருங்கிய உறவு மொழி என்றார். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1973 முதல் இதற்கென்றே நூல்கள் எழுதினார். அட்டப்பாடி நஞ்சியம்மா 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றதும் இந்த மொழியில் பாடித்தான்.

மலையடிவாரப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒரு சொல்லை வேறு மாதிரி சொன்னால் உடனே திருத்திவிடாதீர்கள். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள்.